நுனி மடிக்காத பிளாஸ்டர்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் இருவருக்கும்,

அடுத்த மாதம் முதல் இந்தக் கட்டுப்போடும் அறை உங்களுடையது. சலைன் பாட்டில்கள் எந்த அலமாரியில், சாவி எந்த ஆணியில், கருவிகளைக் கொதிக்கவைக்கும் பாத்திரம் எப்போது மக்கர் பண்ணும் என்பதையெல்லாம் தனி நோட்டில் எழுதி மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். பட்டியல் போடாமல் எனக்கு எதுவும் செய்ய வராது. சுவரில் மாட்டியிருக்கும் பதினொரு வரிப் பட்டியலும் நான் எழுதியதுதான். காயத்தின் நீள அகலம், ஆழம், வாடை, கசிவு, ஓரத்தின் நிறம், பாதத்தின் சூடு, நாடி, நைலான் நூலால் தொட்டால் உணர்வு, சர்க்கரை அளவு, காலணி, ஓய்வு. வரும் ஒவ்வொரு காலுக்கும் பதினொன்றையும் பார்த்து டிக் போடுகிறோம். நல்ல பட்டியல்தான். அதைக் கழற்றிவிடாதீர்கள்.

ஆனால் பதினொன்றும் டிக் ஆன ஒரு கால் பாதியாகப் போயிற்று. அதை அந்த நோட்டில் எழுத முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

அப்போது நான் இந்தக் கிளினிக்கில் சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. வயது இருபத்தாறு. காயப் பராமரிப்புக்கென்று ஆறு மாதப் பயிற்சி முடித்திருந்தேன். மந்தாரக்குப்பத்தில் இந்த வேலையைத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்ற எண்ணமும் கொஞ்சம் இருந்தது.

அவர் பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன். முருகவேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பத்து மூன்று வயது. சொந்த ஊர் குள்ளஞ்சாவடிப் பக்கம், இங்கே வாடகை வீடு. சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. கன்வேயர் பெல்ட்டுக்குக் கீழே சிந்தும் கரியை அள்ளுகிறவர். இடது பாதத்தில் பெருவிரலுக்குப் பின்னால், நடக்கும்போது முழு எடையும் விழும் மேட்டில், ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குப் புண். எப்போது வந்தது என்று அவருக்கே தெரியாது. சாக்ஸைத் துவைக்கும்போது அதில் ஈரமும் கறையும் இருந்ததை அவர் மனைவிதான் கண்டுபிடித்தார். அவர் பெயர் தனம் என்று இருக்கட்டும்.

முதல் நாள் புண்ணைச் சுத்தம் செய்துகொண்டே கேட்டேன்: "வலிக்குதாண்ணா?"

"சொரண கெட்ட காலு சிஸ்டர். ஆணி குத்துனாகூட அதுக்குத் தெரியாது."

"காலுக்கு மட்டுமா?" என்றார் பக்கத்தில் நின்றிருந்த தனம் அக்கா.

மூன்று பேரும் சிரித்தோம். நன்றாக நினைவிருக்கிறது. அவர் சிரித்தால் கட்டில் குலுங்கும், நான் இடுக்கியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு காத்திருப்பேன்.

டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். இரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது, எலும்பைத் தொடவில்லை, இது ஆறிவிடும் புண். ஆனால் மூன்று மாதத்துக்கு அந்த இடத்தில் எடை விழக்கூடாது. முன்பக்கம் தரையில் படாத செருப்பு ஒன்றைக் கொடுத்தோம். ஒருநாள் விட்டு ஒருநாள் மாலை நான்கு மணிக்குக் கட்டு மாற்ற வரச் சொன்னோம்.

பட்டியலின் கடைசி வரிக்கு வந்தேன். "வேலைக்குப் போறீங்களா அண்ணா?"

"லீவு சொல்லிட்டேன் சிஸ்டர். வூட்லதான் கெடக்குறேன்."

'ஓய்வு' என்பதற்கு நேராக டிக் போட்டேன்.

நான் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பா சுரங்கத்தில் பர்மனென்ட். எனக்குப் பத்து வயதில் அவருக்கு மஞ்சள் காமாலை வந்து ஒன்றரை மாதம் வீட்டில் இருந்தார். கூடத்தில் கட்டில், மேலே மின்விசிறி, ஷிஃப்ட் முடிந்து வந்து நலம் விசாரிக்கும் நண்பர்கள், மாத முடிவில் எப்போதும்போல் சம்பளம். லீவு என்றால் எனக்கு அந்தக் கட்டில்தான். கான்ட்ராக்டில் இருப்பவருக்கு அப்படி ஒரு கட்டில் இல்லை, வரவில்லை என்றால் அன்றைக்குப் பெயர் இல்லை, அவ்வளவுதான் என்பது எனக்குத் தெரியாத செய்தி அல்ல. இதே ஊரில் பிறந்தவளுக்கு எப்படித் தெரியாமல் இருக்கும்? ஆனால் அவர் 'லீவு' என்றதும் என் வீட்டு லீவைத்தான் நான் கேட்டுக்கொண்டேன்.

அந்த வருடம் கான்ட்ராக்டில் இருந்து சிலரைப் பர்மனென்ட் ஆக்கப்போகிறார்கள் என்று பேச்சு இருந்தது. விடாமல் வேலைக்கு வந்தவர்களுக்கு முன்னுரிமை என்றும் பேசிக்கொண்டார்கள். டீக்கடை, சலூன், எங்கள் வரவேற்பறை பெஞ்சு எல்லா இடத்திலும் லிஸ்ட், லிஸ்ட் என்றே பேச்சு. முருகவேல் பதினாறு வருடமாகக் காத்திருந்தவர். சேஃப்டி ஷூ இல்லாமல் சுரங்கத்தின் கேட்டைத் தாண்ட முடியாது. அது சரியான விதிதான், எத்தனையோ பேருடைய விரல்களைக் காப்பாற்றியிருக்கிறது. முனையில் இரும்பு வைத்த அந்த ஷூவுக்குள் நான் கட்டிய கட்டோடு ஒரு பாதம் நுழையாது. இவை எல்லாம் தனித்தனியாக எனக்குத் தெரிந்திருந்தன. சேர்த்துப் பார்க்கவில்லை.

இரண்டாம் வாரம் மழை பிடித்தது. வரும் வழியில் கட்டு நனைந்துவிட்டால் என்ன செய்வது என்று தனம் அக்கா கேட்டார். பொறுப்பான கேள்வி. மகிழ்ச்சியோடு சொல்லிக் கொடுத்தேன். கையைச் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும், சலைனால் அலச வேண்டும், தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும், காஸ் துணியை இப்படி மடித்து, ரோலர் பேண்டேஜை விரல்களில் இருந்து கணுக்காலுக்கு இப்படிச் சுற்ற வேண்டும். ஒரே முறை பார்த்தார். மறுமுறை என் முன்னாலேயே கட்டிக் காட்டினார். முந்திரிக்கொட்டையை உடைத்துப் பருப்பை முழுசாக எடுத்துப் பழகிய விரல்கள். பயிற்சிக்கு வரும் மாணவிகள்கூட அவ்வளவு சீராகக் கட்டமாட்டார்கள். அதைச் சொன்னேன்.

"கேட்டுக்கோங்க," என்றார் கணவரிடம். "நானும் சிஸ்டராம்."

"அப்ப ஊசிய மட்டும் இங்கயே போட்டுக்குறேன்," என்றார் அவர்.

மூன்றாம் வாரம் கட்டைப் பிரித்தபோது கணுக்காலுக்கு மேலே வளையமாக ஒரு கோடு பதிந்திருந்தது. சாக்ஸ் ரப்பரின் தடம். பார்த்தேன். என் வாய் தானாகச் சொன்னது: "சாக்ஸ் இவ்ளோ டைட்டா போடாதீங்கண்ணா. ரத்த ஓட்டம் தடைபடும்."

"சரிங்க சிஸ்டர்."

வீட்டில் கிடப்பவர், முன்பக்கம் திறந்த செருப்பு போடுபவர் எதற்காகச் சாக்ஸ் போட வேண்டும்? அந்தக் கேள்வி எனக்கு வரவே இல்லை. கோட்டைப் பார்த்தவுடன் கோட்டுக்கான அறிவுரை வந்துவிட்டது. அறிவுரையைச் சொல்லி முடித்ததும் வேலை முடிந்த மாதிரி இருந்தது. இன்றைக்கு நினைத்தால் உடம்பு கூசுவது இந்த இடத்தில்தான். உண்மை ஒரு முழு வளையமாக என் கண்ணுக்கு நேரே இருந்தது, நான் அதற்கு மருந்து தடவி மூடினேன்.

புண் சுத்தமாக இருந்தது, ஆனால் சிறிதாகவில்லை. ஓரம் தடித்து, வெளுத்து, ஊறிப்போன மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. ஐந்தாம் வாரம் டாக்டர் அளவுகளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"கால் மேல எடை விழற மாதிரி இருக்கே. வேலைக்குப் போறாரா?"

"இல்ல சார். லீவுலதான் இருக்காரு."

யோசிக்காமல், உறுதியாகச் சொன்னேன். 'இருப்பதாகச் சொல்கிறார்' என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தான் வித்தியாசம். ஒருநாள் விட்டு ஒருநாள் அந்தக் காலைப் பார்ப்பவள் நான், அதனால் டாக்டர் என்னை நம்பினார். கேஸ் ஷீட்டில் 'முழு ஓய்வில் உள்ளார்' என்று எழுதி மருந்தை மாற்றினார்.

ஆறாம் வாரம்தான் நான் சொல்ல வந்தது நடந்தது.

நான் கட்டுப்போடும்போது பிளாஸ்டரின் கடைசி நுனியை ஓர் அரிசி நீளத்துக்கு உள்பக்கமாக மடித்து ஒட்டுவேன். அடுத்த முறை பிரிக்கும்போது நகத்தால் சுரண்ட வேண்டியதில்லை, மடிப்பைப் பிடித்து இழுத்தால் வந்துவிடும். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. பழக்கம். அன்று மாலை முருகவேலின் காலைத் தூக்கி வைத்து, பார்க்காமலே விரலை நுனிக்குக் கொண்டுபோனேன். மடிப்பு இல்லை. நகத்தால் சுரண்டித்தான் எடுத்தேன்.

இது நான் கட்டிய கட்டு இல்லை.

முந்தைய வாரங்களிலும் மடிப்பு இல்லாத நாட்கள் உண்டு, மழையில் நனைந்து தனம் அக்கா மாற்றியிருப்பார் என்று விட்டுவிட்டேன். இது மழை இல்லாத வாரம். நிமிர்ந்து பார்த்தேன். முருகவேல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தனம் அக்கா என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்க வாயெடுத்தேன். அதற்குள் கதவு தட்டப்பட்டது. டவுன்ஷிப்பில் இருந்து வரும் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், தன் முறை வந்தும் கூப்பிடவில்லை என்ற கோபத்தில் இருந்தார்.

"என்னம்மா, உள்ள கட்டு போடறியா, கதை கேக்கறியா? டாக்டர் கிளம்பிட்டா நான் யாரைப் பார்க்கறது?"

"ரெண்டு நிமிஷம் சார்!"

அந்த இரண்டு நிமிடத்தில் கட்டை மாற்றி முடித்தேன். நுனியை மடித்து ஒட்டினேன். பெரியவரை உள்ளே அழைத்தேன். அவர்மீது பழி போட நான் இதை எழுதவில்லை. அவர் தட்டாமல் இருந்தாலும் நான் கேட்டிருப்பேனா என்று எனக்கே உறுதியில்லை. இவ்வளவு சொன்னபடி கேட்கும் ஒரு நோயாளி, சிரிக்கச் சிரிக்கப் பேசும் ஒரு தம்பதி, நான் சொல்லிக் கொடுத்ததை அப்படியே கற்றுக்கொண்ட ஒருத்தர். கேட்டால் அது கெட்டுவிடும். அடுத்த முறை கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அடுத்த முறை அவர் வரவில்லை. அதற்கடுத்த முறையும் வரவில்லை. மறுநாள் முதல் அவரை இரண்டாம் ஷிஃப்டுக்கு மாற்றியிருக்கிறார்கள், மாலை நான்கு மணிக்கு அவர் பெல்ட்டுக்குக் கீழே இருந்திருக்கிறார். ஐந்தாம் நாள் காலை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். காய்ச்சலில் பல் கிட்டியிருந்தது. பாதத்தில் இருந்து முழங்காலுக்குப் பாதி வழிவரை வீங்கிச் சிவந்திருந்தது, இரண்டு விரல்கள் கறுத்துவிட்டன. கட்டைப் பிரிப்பதற்கு முன்பே வாடை வந்தது.

தனம் அக்கா அழவில்லை. பாடம் ஒப்பிக்கிற மாதிரி வேகமாகச் சொன்னார்.

"காலைல அஞ்சு மணிக்கு அவுத்துருவேன் சிஸ்டர். மெலிசா துணி ஒண்ணு சுத்தி, மேல சாக்ஸ் போட்டு, ஷூ மாட்டி அனுப்புவேன். ரெண்டர மணிக்கு வந்ததும் கழுவி, நீங்க காட்டிக் குடுத்த மாதிரியே கட்டிருவேன். நீங்க வாங்குற கடையிலயேதான் துணி வாங்குனேன். ஒரு நாளும் அழுக்குக் கையால தொடல."

ஒவ்வொரு முறை வரும்போதும் கட்டு அவ்வளவு வெள்ளையாக இருந்ததன் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. அது கட்டி ஒன்றரை மணி நேரம்தான் ஆகியிருக்கும்.

டாக்டர் அப்போதே பாண்டிச்சேரிக்கு அனுப்பினார். அங்கே பாதத்தின் முன்பாதியை எடுத்தார்கள். உயிரும் குதிகாலும் மிஞ்சின.

இருபது நாள் கழித்து, மிச்சப் பாதத்துக்குக் கட்டு மாற்ற எங்களிடமே வந்தார்கள். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். முருகவேல் சிரிக்க முயற்சி செய்தார். "பாதி வேல கொறஞ்சுது சிஸ்டர் உங்களுக்கு." யாரும் சிரிக்கவில்லை. கட்டிவிட்டு வெளியே வந்தபோது தனம் அக்கா என் கையைப் பிடித்தார்.

"நான் கட்டுனதுல எதனா தப்பா சிஸ்டர்? கட்டு சரியில்லாமதான் அழுவிச்சா?"

வரவேற்பறையில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். "சுகர் ஜாஸ்தியானா இப்படி ஆகுங்கக்கா," என்றேன். பொய் இல்லை. யாருக்கும் சொல்லக்கூடிய பதில், அதனால் அவருக்குப் பயன்படாத பதில். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

அவர் கேட்டதற்குச் சரியான பதில் சொல்ல எனக்கு நான்கு மாதம் ஆயிற்று. கட்டுக்கு வரும்போதெல்லாம் அவரைப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் எட்டுப் பேர் இருந்தார்கள். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அவர்கள் வீட்டைத் தேடிப் போனேன். முருகவேல் வெளியே போயிருந்தார். ஒரு சைக்கிள் கடையில் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டும் வேலை கிடைத்திருந்தது. தனம் அக்கா ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். கதவுக்குப் பின்னால் அந்த ஷூ ஜோடி இருந்தது. இடது ஷூவின் நாக்கை அறுத்து எடுத்திருந்தார்கள், கால் நுழைய இடம் வேண்டி.

"லிஸ்ட் வந்துச்சு சிஸ்டர்," என்றார், நான் கேட்காமலே. "அவரு பேரும் இருந்துச்சு. மெடிக்கலுக்குக் கூப்ட்டாங்க. காலப் பாத்தாங்க." காலால் அந்த ஷூவைக் கதவுக்குப் பின்னால் தள்ளினார்.

நான் சொல்ல வந்ததை ஆரம்பித்தேன். "அக்கா, அன்னிக்குக் கேட்டீங்களே, கட்டுனதுல தப்பான்னு. தப்பே இல்லக்கா. நான் கட்டறதவிட நல்லா இருந்துச்சு."

"அப்பறம் ஏன் அழுவிச்சு?"

"ஷூக்கா. எட்டு மணி நேரம் அந்த ஒரே எடத்துல எடை. உலகத்துல யாரு கட்டியிருந்தாலும் இதான் ஆகியிருக்கும்."

அவர் உட்கார்ந்துவிட்டார். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார். நான்கு மாதமாக அந்தக் காலைத் தான் அழுகவைத்ததாக நினைத்துக்கொண்டு கணவருக்குச் சோறு போட்டு, அதே காலைக் கழுவி, துடைத்து வந்திருக்கிறார். என் ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது.

மிச்சத்தையும் சொன்னேன். "எனக்கு முன்னாடியே தெரிஞ்சுதுக்கா. நான் பிளாஸ்டர் நுனிய மடிச்சு ஒட்டுவேன். மழையே இல்லாத ஒரு நாள் மடிப்பு இல்ல. வேற யாரோ கட்டியிருக்காங்கன்னு அப்பவே புரிஞ்சுது. கேக்கல."

"எந்த நுனி?"

கைப்பையில் இருந்த பிளாஸ்டரை எடுத்து என் மணிக்கட்டில் ஒட்டிக் காட்டினேன். குனிந்து பார்த்தார்.

"இத்தினி நாளும் பாத்துகினுதான் இருந்தேன், இது கண்ணுல படலியே," என்றார். பிறகு மெதுவாக: "பட்டிருந்தா இதையும் மடிச்சிருப்பேன்."

"அன்னிக்கு நான் கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களாக்கா?"

என் மணிக்கட்டில் இருந்த மடிப்பை விரலால் தொட்டுப் பார்த்தார். எனக்கு ஆறுதலாக எதையாவது சொல்ல வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. அதற்கு இன்றும் அவரிடம் எனக்கு மரியாதை உண்டு.

"மொத தடவ கேட்டா இல்லன்னுதான் சொல்லியிருப்பேன். அவரு பக்கத்துல இருக்காரே. லிஸ்ட் வர வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிகினாரு. ஆனா ரெண்டாந்தபா, என்னத் தனியா கூப்ட்டுக் கேட்டிருந்தீங்கன்னா சொல்லியிருப்பேன். யாராச்சும் கேக்க மாட்டாங்களான்னுதான் சிஸ்டர் அங்க உக்காந்துகினு இருந்தேன்."

இதற்கு ஒரு வருடம் கழித்து, அதே மாதிரி கான்ட்ராக்டில் வேலை செய்யும் இன்னொருவர் வந்தார். 'லீவு' என்றார். மனைவியை மருந்து வாங்குகிற சாக்கில் வெளியே அழைத்துப் போய் இரண்டாம் முறை கேட்டேன்; தினமும் வேலைக்குப் போகிறார் என்றார். டாக்டர் அவருடைய சூப்பர்வைசருக்கு ஒரு கடிதம் எழுதினார். கேட்டுக்கு வெளியே இருந்த கருவி அறையில் மூன்று மாதம் உட்கார்ந்து செய்யும் வேலை கொடுத்தார்கள். வருகைப் பதிவும் விடுபடவில்லை, புண்ணும் ஆறியது. ஒரே ஒரு கடிதம். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போன அன்று நான் இந்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். எல்லாருக்கும் அப்படி நடந்துவிடாது என்று தெரியும். முருகவேலுக்கும் நடக்காமல் போயிருக்கலாம். ஆனால் அதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பையும் நான்தான் அவருக்குத் தரவில்லை.

சுவரில் உள்ள பட்டியலில் பன்னிரண்டாவது வரியாக இதைச் சேர்க்கலாமா என்று பலமுறை யோசித்தேன். சேர்க்கவில்லை. சேர்த்தால் அதற்கும் ஒரு டிக் போட்டுவிடுவோம்.

முருகவேலின் வலது பாதத்தை மாதம் ஒருமுறை பார்த்துவருகிறேன். இதுவரை அதில் புண் இல்லை. எடை முழுவதும் இப்போது அந்தக் காலில்தான் விழுகிறது. அடுத்த மாதத்தின் முதல் வியாழக்கிழமை வருவார். உங்களில் ஒருவர்தான் பார்ப்பீர்கள். நாளெல்லாம் நின்றுகொண்டே வேலை செய்கிறீர்களா என்று கேளுங்கள். "உக்காந்துகினுதான் சிஸ்டர்," என்பார், கட்டில் குலுங்கச் சிரிப்பார். நீங்களும் சிரித்துவிடுவீர்கள். பக்கத்தில் தனம் அக்கா உங்கள் விரல்களைப் பார்த்தபடி நின்றுகொண்டிருப்பார். வெளியே எட்டுப் பேர் இருந்தாலும் சரி, அவரைத் தனியே அழைத்துப் போய் இன்னொரு முறை கேளுங்கள்.